வாரம் ஆறு நாள் ஆபீஸ், ஒரு நாள் மலை... உங்கள் 4×4-க்கு எந்த சைஸ் டயர்?

``33 போட்டுட்டா வண்டி வேற மாதிரி ஆயிடுமுங்க தம்பி!''

டயர் கடைக்காரர் சொன்ன இந்த ஒரே வரியில் என் சித்தப்பா பையன் விழுந்துவிட்டான். அவனிடம் இருப்பது மஹிந்திரா தார், டாப் வேரியன்ட், டீசல் 4×4. கோவை துடியலூரில் வீடு. ஈச்சனாரி பக்கம் வேலை. போக வர தினமும் 40 கிலோமீட்டருக்கு மேல். மேட்டுப்பாளையம் ரோடு டிராஃபிக், காந்திபுரம் சிக்னல், உக்கடம் என ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற ரூட். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நண்பர்களோடு வால்பாறை, அங்கே ஒரு எஸ்டேட் மண் ரோடு.

கம்பெனி டயர் பாதிகூடத் தேயவில்லை. அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 டயர் ஐந்து, அதற்கு ஏற்ற அலாய், பாடியில் உரசாமல் இருக்க லிஃப்ட் கிட் என எல்லாம் மாட்டினான். பில் லட்ச ரூபாயைத் தாண்டியது. இன்ஸ்டாவில் லைக்ஸ் அள்ளியது. வண்டியும் நிஜமாகவே சூப்பராக இருந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. ஆனால், ஏழாவது மாதமே பழைய சைஸுக்குத் திரும்பிவிட்டான்.

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி வண்டி வாங்கியவர்கள் முதலில் யோசிப்பது டயரைத்தான். அந்த வண்டியிலேயே தினமும் ஆபீஸ் போகப் போகிறீர்கள் என்றால், அவன் ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டதை நீங்கள் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

முதலில் அந்த நம்பரைப் படிக்கணும்

255/65 ஆர்18. தார் டாப் வேரியன்ட்டில் வருகிற சைஸ் இது. 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சைடுவாலின் உயரம்; மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவிகிதம். `ஆர்' என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

இப்போது போனில் கால்குலேட்டரை எடுங்கள். 255-ல் 65 சதவிகிதம் 165.75 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சைடுவால்; ஆக 331.5. ரிம் 18 இன்ச் என்றால் 457.2 மி.மீ. மொத்தம் கூட்டினால் 788.7 மி.மீ. இதுதான் டயரின் முழு உயரம். 25.4-ஆல் வகுத்தால் 31 இன்ச். கடையில் `31', `33' என்று சொல்வது இந்த உயரத்தைத்தான், ரிம்மை அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு `18 இன்ச் டயர் பெருசு, 16 இன்ச் டயர் சின்னது' என்று நினைப்பவர்கள் நிறைய பேர்.

தார் ராக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். கீழ் வேரியன்ட்களில் 255/65 ஆர்18, மேல் வேரியன்ட்களில் 255/60 ஆர்19. `அட, 19 இன்ச் ஆச்சே' என்று கூடுதல் காசு கொடுத்தவர்கள் கணக்கு போட்டுப் பாருங்கள். 255/60 ஆர்19-ன் உயரம் 788.6 மி.மீ. இரண்டுக்கும் 0.1 மி.மீதான் வித்தியாசம்! பெரிய ரிம் கொடுத்துவிட்டு அதே அளவு ரப்பரைக் குறைத்திருக்கிறார்கள். 166 மி.மீ இருந்த சைடுவால் 153 ஆகிவிட்டது. பார்க்க அழகு. பள்ளத்தில் விழும்போதும், கல்லில் ஏறும்போதும் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் குறைவு. ஆஃப் ரோடுக்கு என்று பார்த்தால் கீழ் வேரியன்ட் சைஸ்தான் கெட்டிக்காரத்தனம்.

இதே கதைதான் சாதாரண தாரிலும். அதன் கீழ் வேரியன்ட்டில் வந்த 245/75 ஆர்16 டயரின் சைடுவால் கிட்டத்தட்ட 184 மி.மீ. ஸ்டீல் ரிம்மைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. பாறை ரோட்டில் போய் வந்தவர்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

33 போட்டால் என்ன நடக்கிறது?

தம்பி போட்ட 285/70 ஆர்17-ன் உயரம் 830.8 மி.மீ. கடைக்காரர் 33 என்றார், சரியாகச் சொன்னால் 32.7 இன்ச். கம்பெனி டயரைவிட 42 மி.மீ உயரம். அதில் பாதிதான் கிரவுண்ட் கிளியரன்ஸாகக் கிடைக்கும். ஏனென்றால், ஆக்ஸில் இருப்பது டயரின் நடுவில். ஆக, டயரால் கிடைத்த லாபம் 21 மி.மீ. ஒரு விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த 21 மில்லிமீட்டருக்குக் கொடுத்த விலை என்ன?

முதலில் மீட்டர். டயர் 5.3 சதவிகிதம் பெரிதானதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அவ்வளவு தூரம் கூடுதலாகப் போகிறது. இது மீட்டருக்குத் தெரியாது. பழைய டயரில் மீட்டர் சரியாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 100 காட்டும்போது நிஜ வேகம் 105. கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைவாக ஏறும். `33 போட்டதும் மைலேஜ் 12-லிருந்து 11 ஆயிடுச்சு' என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்கணும். மீட்டர்படி 11 என்றால் நிஜத்தில் 11.6. மைலேஜ் குறைவது உண்மைதான், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

அடுத்தது கியர். டயர் பெரிதானால் எல்லா கியரும் நீண்டுவிடும். இரண்டாவதில் இழுத்த ஏற்றத்தில் முதலாவது தேவைப்படும். டார்க் அதிகமுள்ள டீசல் வண்டி இதை ஓரளவு சமாளித்துவிடும். ஜிம்னி சமாளிக்காது. 134 என்எம் டார்க் உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அது. அதன் 195/80 ஆர்15 டயரின் உயரம் 693 மி.மீ. அதில் 235/75 ஆர்15 மாட்டினால் உயரம் கிட்டத்தட்ட 6 சதவிகிதம் ஏறும். எடையும் சேர்ந்து ஏறும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஒவ்வொன்றாகக் கிளட்ச்சை வதைத்துக்கொண்டு ஏறணும். ஜிம்னிக்காரர்களுக்கு 215/75 ஆர்15 போதும். உயரம் ஒன்றரை சதவிகிதம்தான் கூடும், இன்ஜின் கண்டுகொள்ளாது.

பிரேக்... இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசணும்.

டிஸ்க்கும் காலிப்பரும் அதேதான். ஆனால், அவை பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகிவிட்டது. எளிதாகச் சொன்னால், ஸ்பேனரின் கைப்பிடி நீளமானால் போல்ட்டைச் சுற்றுவது சுலபம் இல்லையா? இங்கே சாலைதான் அந்த நீளமான கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டிஸ்க்குக்கு எதிராக இழுக்கிறது. பெடலை அதே அழுத்தத்தில் மிதித்தால் சாலையில் கிடைக்கும் பிடிமானம் 5 சதவிகிதம் குறைவு. போதாக்குறைக்கு டயரும் ரிம்மும் கனம். சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் நிறுத்தணும்.

தம்பிக்கு இது புரிந்த இடம் காந்திபுரம். மழை நேரம், சாயங்காலம். முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. இரண்டு வருடமாக எந்த இடத்தில் பிரேக் மிதித்துப் பழகினானோ, அதே இடத்தில் மிதித்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை; இன்னும் பலமாக மிதித்த பிறகுதான், பஸ்ஸின் பின் பம்பருக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பக்கத்து சீட்டில் என் சித்தி. ``நான் இனி ஆட்டோவுல போய்க்கறேன் சாமி'' என்றவர், அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. உண்மையில் அவருக்கு ஏற்கெனவே ஒரு கோபம் இருந்தது. லிஃப்ட் கிட்டும் டயரும் சேர்ந்து வண்டியை இன்னும் உயர்த்தியிருந்ததால், முட்டி வலியோடு ஏற முடியாமல் ஒவ்வொரு தடவையும் சின்ன ஸ்டூல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மழையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அகலமான டயர் தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரில் 80-ல் போகும்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாவது அதனால்தான். டிசம்பர் மழையில் சென்னை ஓஎம்ஆர் பக்கம் தினமும் போய் வருபவர்கள், `இன்னும் அகலம்' என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கணும்.

சரி, எவ்வளவு வரை போகலாம்?

பழைய உயரத்திலிருந்து 3 சதவிகிதத்துக்குள் நில்லுங்கள். டயர் தொழிலில் பல வருடங்களாகச் சொல்லப்படும் வழக்கமான எல்லை இது. இதற்குள் இருந்தால் மீட்டர், ஏபிஎஸ், கியர் எதுவும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. பெரும்பாலான வண்டிகளின் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடச் சற்று கூட்டியே காட்டும் என்பதால், அது இன்னும் சரியாகக்கூட ஆகலாம்.

255/65 ஆர்18 உள்ள தாருக்கு 3 சதவிகிதம் என்றால் 812 மி.மீ வரை. 265/65 ஆர்18 போட்டால் 801.7. என்னைக் கேட்டால், செலவு செய்வதாக இருந்தால் 265/70 ஆர்17. உயரம் 802.8 மி.மீ, அதாவது 1.8 சதவிகிதம்தான் கூடுதல். ஆனால், ரிம் ஒரு இன்ச் குறைவதால் சைடுவால் 20 மி.மீ கூடுகிறது. நகரத்துப் பள்ளங்களுக்கும் மலைக் கற்களுக்கும் அந்த 20 மி.மீ ரப்பர் செய்கிற வேலை பெரிது. ரிம்மை மாட்டியதும் காலிப்பரில் தட்டாமல் சுற்றுகிறதா, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தால் உள்ளே எங்காவது உரசுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். தரையில் உரசவில்லை என்றால் போதாது. ஒரு சக்கரத்தை மேடையில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் ஒடித்துப் பாருங்கள்.

ஃபோர்ஸ் கூர்க்கா 2021-ல் 245/70 ஆர்16 டயரில் வந்தது. 2024-ல் கம்பெனியே அதை 255/65 ஆர்18 ஆக்கிவிட்டது. புது கூர்க்கா வைத்திருப்பவர்கள் சைஸைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சைஸைவிட முக்கியமான ஒன்று... பட்டன்

டயர் கடை பாஷையில் பட்டன் என்றால் டிரெட். ஹெச்டி என்பது ஹைவே டயர்: சத்தம் இல்லை, மழையில் நல்ல பிரேக், சேற்றில் கையை விரித்துவிடும். எம்டி என்பது மட் டெரெய்ன்: பெரிய பெரிய பட்டன், சேற்றை உதறித் தள்ளும். ஆனால், தாரில் வண்டு ரீங்காரம் போலச் சத்தம், ஈரமான சாலையில் வழுக்கல், சீக்கிரம் தேய்மானம். நடுவில் இருப்பது ஏடி, ஆல் டெரெய்ன். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஏடிதான். எம்டி போட்டுக்கொண்டு தினமும் ஆபீஸ் போவது, டிரெக்கிங் ஷூ போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு இறங்குகிறவர்களுக்கு ஏடியும் கைகொடுக்காது. அந்த மண் பட்டன் இடுக்கில் அப்பிக்கொண்டு நாலு சுற்றில் டயரை வழவழவென்று ஆக்கிவிடும். அங்கே வழி ஒன்றுதான்: ஈரம் காயும் வரை இறங்காமல் இருப்பது.

டயர் தேடும்போது சைஸுக்கு முன்னால் `எல்டி' என்று இருந்தால் கவனியுங்கள். அது லைட் டிரக் வகை. சைடுவால் பலம் அதிகம், எடையும் அதிகம். அதே பாரத்தைத் தாங்க சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று தேவை. பழைய காற்றளவையே வைத்து ஓட்டினால் சூடாகும். கூட்டினால் வண்டி தூக்கிப்போடும். வாரம் முழுக்க லோடு இல்லாமல் தனியாக ஆபீஸ் போகிறவருக்கு எல்டி தேவையில்லை.

காசில்லாத அப்கிரேடு

கொழுக்குமலை போயிருக்கிறீர்களா? தேனி மாவட்டத்தில் இருக்கும் எஸ்டேட். ஆனால் போவது கேரளாவின் சூரியநெல்லி வழியாக. சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாறை ரோட்டில் குதித்துக் குதித்து ஏறும் மஹிந்திரா ஜீப்களின் டயரை ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஒல்லி! இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயரே 6.00-16தான், அதாவது அகலம் வெறும் ஆறு இன்ச். ஒல்லியான டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகலம் உதவுவது மணலில். அங்கேகூட அகலத்தைவிட அதிகம் உதவுவது காற்றைக் குறைப்பது.

தாரில் 30 பிஎஸ்ஐ சொச்சத்தில் ஓடுகிற டயரை, கல்லும் மண்ணுமான ரோட்டில் 20 பக்கம் இறக்குங்கள். டயர் நீளவாக்கில் படிந்து தரையைத் தொடும் பரப்பு கூடும். கல்லின் மேல் துள்ளாமல் அதைக் கவ்விக்கொள்ளும். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி இடத்தில் 15-16 வரை போகலாம். அதற்குக் கீழே வேண்டாம். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைவாக இருக்கும்போது வேகமும் குறைவாக இருக்கணும். தார் ரோடு ஏறும் முன் பழைய அளவுக்குக் கட்டாயம் அடிக்கணும். சிகரெட் லைட்டரிலோ பேட்டரியிலோ மாட்டுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்றும், நம்பகமான கேஜ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டயர் விலைகூட ஆகாது.

புது டயர் போட்ட பிறகு தினசரி காற்றளவு சரிதானா என்று பார்க்க ஒரு பழைய வித்தை. டிரெட்டின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, நேரான தார் ரோட்டில் ஐம்பது, நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரே சீராக அழிந்தால் சரி.

ஆர்சியும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சி விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதே மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுக்கும் சைஸ் என்றால் கவலை குறைவு. பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரும் லிஃப்ட் கிட்டும்தான் முதலில் கண்ணில் படும். விபத்து என்று வந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வாய்ப்புண்டு. அதனால், ரிம்மோ டயர் சைஸோ மாற்றினால் பாலிசிதாரராக அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது

பழைய டயரின் லோடு இண்டெக்ஸைக் குறித்துக்கொண்டு போங்கள். சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அல்லது மூன்று இலக்கம் அது. 109 என்றால் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, ஒரு டயருக்கு. புதியது அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கணும், குறையவே கூடாது. அதை ஒட்டியிருக்கும் எழுத்து வேக எல்லை: எஸ் என்றால் 180, டி என்றால் 190 கி.மீ. சைடுவாலில் நாலு இலக்கத் தேதியும் இருக்கும். 3224 என்றால் 2024-ன் 32-வது வாரம் தயாரானது. `ஆஃபர்ல தர்றேன்' என்று சொன்னால் முதலில் அதைத் தேடுங்கள்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய சைஸில் இருந்தால், பஞ்சராகி அதை மாட்டும் நாளில் ஒரே ஆக்ஸிலில் இரண்டு உயரம். அந்த நிலையில் 4×4 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும் திருகிக்கொள்ளும். ஐந்தையும் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை இடம் மாற்றினால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். தார் மாதிரி பின் கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியில் கனமான டயரை மாட்டினால், கீல் தொங்க ஆரம்பிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தம்பி வண்டியில் ஆறாவது மாதமே கதவைத் தூக்கித்தான் மூடவேண்டி இருந்தது.

இப்போது அவன் வண்டியில் இருப்பது 255/65 ஆர்18, ஏடி. லிஃப்ட் கிட் போய்விட்டது. அலாயோடு அந்த 33-ஐ பாதி விலைக்குக்கூட ஒருத்தரும் கேட்கவில்லை. கார்போர்ட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். போன மாதம் வால்பாறை போனோம். எஸ்டேட் ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் காற்றை 20-க்கு இறக்கினான். முன்னால் போன 33 போட்ட வண்டி எந்த வழியாக ஏறியதோ, அதே வழியாக இவனும் ஏறினான். முன் சீட்டில் சித்தி. ஸ்டூல் இல்லாமல்தான் ஏறி உட்கார்ந்திருந்தார்.